பதினேழாம் எண் பலகை

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்காகப் பள்ளம் வெட்டத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய நாளே ஒரு லாரி மேனாம்பேட்டுக்குள் வந்து, தெரு முனையில் இருக்கும் மின்மாற்றிக்குப் பக்கத்தில் மரப் பலகைகளை இறக்கிவிட்டுப் போனது. ஒவ்வொன்றும் எட்டடிக்குச் சற்றுக் கூடுதல் நீளம், ஓரடி அகலம், இரண்டு விரல் கனம். நுனியில் மஞ்சள் பட்டை, அதன் மேல் கறுப்பில் எண். கடைசிப் பலகையின் எண் நாற்பது.

கூடவே ஓர் அறிவிப்புப் பலகையும் வந்தது. அதைக் கம்பத்தில் கட்டினார்கள். பள்ளம் தோண்டும் வேலைக்கான பாதுகாப்பு விதிகள், மொத்தம் பதினான்கு. ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் இரு பக்கமும் பலகை நிறுத்தி, குறுக்கே முட்டுக் கொடுத்த பிறகே ஆள் இறங்க வேண்டும் என்பது மூன்றாவது. வீட்டு வாசல்களில் இரு பக்கமும் கைப்பிடி வைத்த நடைபாலம் போட்டுத் தர வேண்டும் என்பது ஒன்பதாவது. கம்பத்தில் எதைக் கட்டினாலும் கடைசி வரி வரை படித்துவிடுவது என் வழக்கம். இதையும் படித்தேன்.

திங்கள் மாலை பதினேழாம் எண் பலகையை எடுத்து என் வாசலில் பள்ளத்தின் குறுக்கே போட்டுக்கொண்டவனும் நான்தான்.

நான் மட்டுமல்ல. காலையில் பொக்லைன் இயந்திரம் தெருவின் மேற்கு முனையில் இறங்கியது. வேலைக்குப் போனவர்கள் மாலையில் திரும்பியபோது அவரவர் வீட்டுக்கும் அவரவருக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு பள்ளம் இருந்தது. கிழக்குப் பக்கம் அன்று வெட்டியது மேல்வெட்டுதான், முழங்கால் ஆழம். இருந்தாலும் தாண்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் தர வேண்டிய நடைபாலங்கள் இன்னும் குத்தம்பாக்கத்தில் வேறொரு வேலையிடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மின்மாற்றிக்கு அடியில் நாற்பது நல்ல பலகைகள் சும்மா கிடந்தன. எங்கள் தெருவில் சும்மா கிடக்கும் பலகை பொதுச் சொத்து. மேஸ்திரியிடம் கேட்டபோது அவரும் "எட்த்துக்கோங்க சார், நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றார்.

அன்றும் மறுநாளும் பலகைக்குத் தேவை வரவில்லை. சாக்கடைக் குழாய் சரிவாகப் போக வேண்டும். மேற்கு முனையில் பள்ளம் நான்கடிதான். குழாயை வைத்துச் சோதித்து மண்ணை மூடிக்கொண்டே வந்தார்கள். கிழக்கே வர வர ஆழம் கூடியது. கிழக்குக் கோடியில்தான் என் வீடு. எதிர்வீடும்.

எதிர்வீட்டுக்காரர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அவருடைய மகளுக்கு வரன் அமைந்து, மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை காலை பூந்தமல்லியிலிருந்து பூ வைக்க வருவதாக இருந்தது. பதினோரு பேர். நாள் குறித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பள்ளம் வருவதைப் பற்றி அப்போது யாரும் சொல்லவில்லை. செவ்வாய் மாலை அவர் மேஸ்திரியைப் பிடித்து, வியாழக்கிழமைக்குள் தன் வாசலை மூடித் தருவதாக வாக்கு வாங்கிவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "பெரிய கண்டம் தாண்டுன மாதிரி கீது சார்" என்றார்.

அவர் கணக்கில் சேர்க்காதது சேஃப்டி மேடத்தை.

ஒப்பந்தக்காரர் வைத்திருந்த பாதுகாப்பு அதிகாரியைத் தெரு முழுவதும் அப்படித்தான் அழைத்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஆவடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கழுத்தில் சின்னச் சிலுவை, அதற்கு மேல் அடையாள அட்டை, கையில் அளவு நாடா. மற்ற வேலையிடங்களுக்குப் போவதற்கு முன், காலை எட்டு மணிக்கு வேலையாட்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்பார்.

"பள்ளத்துல இறங்குறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?"

"பலகை!" என்பார்கள் ஒரே குரலில்.

"அப்புறம்?"

"ஏணி!"

மூன்றாம் நாளுக்குள் எங்களுக்கும் பாடமாகிவிட்டது. எதிர்வீட்டுச் சமையலறையிலிருந்து ஃபிட்டரின் மனைவி, அடுப்பில் எதையோ தாளித்துக்கொண்டே, "ஏணி" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

புதன்கிழமை பொக்லைன் எங்கள் இரண்டு வாசல்களுக்கும் நடுவே எட்டடி ஆழம் வெட்டிவிட்டு நகர்ந்தது. எங்கள் வாசல் பலகைகளைச் சிறிது நேரம் தூக்கி வைத்துவிட்டு, அது நகர்ந்ததும் இழுத்துப் போட்டுக்கொண்டோம். மேடம் வந்தார். நாடாவைப் பள்ளத்துக்குள் விட்டு அளந்தார். "பலகை அடிக்கலாம்" என்றார். இரண்டு பேர் மின்மாற்றிப் பக்கம் போய், நான்கு பலகைகளோடு திரும்பினார்கள்.

"மீதி?"

"அவ்ளோதான் மேடம்."

அவர் விசிலை ஊதினார். வேலை நின்றது.

அரை நிமிடத்தில் ஃபிட்டர் வெளியே வந்துவிட்டார்.

"இன்னா மேடம், வேலைய நிறுத்திட்டீங்கோ? வெள்ளிக்கெயம பூ வெக்க வர்றாங்கோ. வாசல்ல இம்மாம் பெரிய பள்ளத்த வெச்சிகினு நான் இன்னான்னு சொல்றது?"

"பலகை இல்லாம ஆள இறக்க மாட்டேன் அங்கிள்."

"ரெண்டு நாளா பலகை இல்லாமத்தானே எறங்கினாங்கோ?"

"அது நாலடி. இது எட்டடி."

மேஸ்திரி சமாதானத்துக்கு வந்தார். "நம்ம ஆளுங்க பயந்தவனுங்க இல்ல மேடம். அரை மணியில பைப்ப எறக்கிட்டு ஏறிடுவானுங்கோ."

"அவங்களுக்குப் பயம் இல்லன்னு எனக்குத் தெரியும்ணா. மண்ணுக்குத் தெரியாதே. நாப்பது பலகை எங்க?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "கேட்டாங்கோ மேடம். வயசானவங்கள்லாம் எப்புடித் தாண்டுவாங்கோ? டீயெல்லாம் குட்த்தாங்கோ..."

மேடம் திரும்பித் தெருவை ஒரு முறை நீளமாகப் பார்த்தார். நான் என் வாசலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பிறகு நடந்தது ஓர் ஊர்வலம். முன்னால் மேடம், பின்னால் எந்தப் பலகை எந்த வீட்டில் என்று எழுதிய பட்டியலோடு மேஸ்திரி, அவருக்குப் பின்னால் பலகை தூக்க ஆறு பேர், கடைசியில் நாங்கள். மேற்குப் பக்கம் பள்ளம் மூடி ஒரு நாள் ஆகியிருந்தது. அங்கே யாருக்கும் இனி பலகை வேண்டியதில்லை. ஆனால் ஒரு பலகைகூடத் திரும்பிப் போகவில்லை. இரண்டாம் எண் இரண்டு செங்கல் அடுக்கின் மேல் ஏறி உட்காரும் இடமாகியிருந்தது. ஒன்பதும் பத்தும் பூந்தொட்டி வரிசைக்கு அடியில். இருபத்திரண்டு இஸ்திரி வண்டியில், மடித்த துணி வைக்க. ஒரு வீட்டில் ஐந்தாம் எண் சலவை இயந்திரத்துக்கு அடியில் போய்விட்டது.

"இத்த எட்த்தா மெஷின் ஆடும் மேடம்" என்றார் அந்த வீட்டம்மா.

"மெஷின் ஆடட்டும்க்கா. பரவாயில்ல."

என் வாசலுக்கு வந்ததும் பட்டியலைப் பார்த்தார். "சார், பதினேழு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "போர்ட நின்னு முழுசாப் படிச்சது நீங்கதானே?"

"ஆமா" என்று சொல்லி, பலகையின் ஒரு முனையைத் தூக்கிக் கொடுத்தேன்.

கடைசி வீடு ஃபிட்டருடையது. அவரிடம் இருந்தவை முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும். மற்றவர்கள் பலகையைப் போட்டதோடு விட்டார்கள், அவர் தொழில்காரர். இரண்டையும் ஒட்டி வைத்து, அடியில் இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். அவர் மனைவி கழுவி, ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தார். வெள்ளிக்கிழமை கோலத்துக்கு இடம்கூட விட்டு வைத்திருந்தார். ஃபிட்டர் அதன் நடுவில் போய்க் காலை அகட்டி நின்றுகொண்டார்.

"இத்த மட்டும் கேக்காதீங்கோ மேடம். வெள்ளிக்கெயம வரிக்கும் இது இங்கதான் கீது."

"சரி அங்கிள். அப்போ பள்ளமும் வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கதான்."

"அதெப்புடி? பள்ளத்த மூடுங்கோ."

"மூடணும்னா குழாய் வைக்கணும். குழாய் வைக்க ஆள் இறங்கணும். ஆள் இறங்கப் பலகை வேணும்."

ஃபிட்டர் யோசித்தார். அவர் யோசிப்பதை மொத்தத் தெருவும் நின்று பார்த்தது. வாசலிலிருந்து அவர் மனைவிதான் முடித்துவைத்தார்.

"யோவ், எறங்குய்யா. நீ நிக்கிற பலகையைத்தான் அவங்க காலைலேந்து தேடிகினு கீறாங்கோ."

பட்டறைப் பையிலிருந்து ஸ்பானர் எடுத்து வந்து, போல்டை அவரே கழற்றினார். மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது பலகைகள் வந்து சேர்ந்தன. நாற்பதாம் எண் இன்றுவரை கிடைக்கவில்லை. சம்பந்தி வீட்டார் தட்டோடு வர முடியாத குறுகலான பின்புறச் சந்து வழியாக நாங்கள் வீட்டுக்குப் போய்வந்தோம். ஆனால் அரை நாள் போய்விட்டது. பலகைகளை நிறுத்தி முட்டுக் கொடுத்து முடிக்கவே மாலை ஆனது.

வியாழன் காலை இரண்டு பேர் ஏணி வழியாக இறங்கிக் குழாய் வைத்தார்கள். பதினொரு மணி இருக்கும். யார் வீட்டுத் தண்ணீரோ மண்ணுக்குள் ஊறியிருக்க வேண்டும். மூட்டையை இறக்கி வைப்பது போல ஒரு சத்தம் கேட்டது. என் பக்கத்து விளிம்பில் ஓர் ஆள் நீளத்துக்கு மண் தாழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தாழ்ந்த மண் பலகைக்குப் பின்னால் நின்றுவிட்டது. ஒரு பலகை நடுவில் ஒரு விரல் அளவு வளைந்திருந்தது. எண் பதினேழு. மேடம் விசிலை ஊதி, இருவரையும் மேலே வரச் சொல்லி, இன்னொரு முட்டுப் போட்ட பிறகு திரும்ப இறக்கினார். இருவரில் ஒருவர் அந்த இடைவெளியில் என் வீட்டில் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தார். ஃபிட்டர் அன்று விடுப்பில் இருந்தார். எதிர்ப்புறத்தில் நின்று அவரும் பார்த்தார். அதன் பிறகு அவர் அவசரப்படுத்தவே இல்லை.

மாலையில் மேடம் அவரைக் கூப்பிட்டார். குழாய் இணைப்பில் தண்ணீர் விட்டுச் சோதிக்காமல் மண் மூட முடியாது. சோதனை வெள்ளி மத்தியானம்தான்.

"பாலம் தரலாம் அங்கிள். குத்தம்பாக்கத்துலேர்ந்து இரும்புத் தகடு ஒண்ணு வந்திருக்கு. கைப்பிடி இல்லாம வந்திருக்கு. கைப்பிடி இல்லாம நான் யாரையும் நடக்க விட மாட்டேன். இது எங்க தப்புதான்."

"எவ்ளோ ஒசரம்?"

"மூணேகால் அடி. ரெண்டு பக்கமும். நடுவுல ஒரு குறுக்குக் கம்பி."

ஃபிட்டர் வண்டியை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனார். இருட்டுவதற்குள் நான்கு இரும்புக் குழாய்களும் இரண்டு நண்பர்களுமாகத் திரும்பினார். பற்றவைத்து முடித்ததும் மேடம் நாடாவை வைத்தார். ஒரு பக்கம் சரி. மறுபக்கம் ஓர் அங்குலம் குறைவு.

"முப்பது வருசமா இந்தத் தொயில்ல கீறேன். ஒரு இஞ்சுல எவன் வுயப் போறான்?"

மேடம் நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஃபிட்டர் முணுமுணுத்துக்கொண்டே அறுத்து, திரும்ப வைத்தார். பிறகு நாடாவை அவரிடமிருந்து வாங்கித் தானே ஒரு முறை அளந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வேனிலிருந்து இறங்கிய பூந்தமல்லிக்காரர்களுக்குத் தெரு முனையிலேயே மஞ்சள் ஹெல்மெட் கொடுக்கப்பட்டது. இருந்தவை எட்டு, வந்தவர்கள் பதினோரு பேர். எட்டு பேர் போய், மூன்று ஹெல்மெட் திரும்பி வந்து, மீதி மூவர் போக வேண்டும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாயார் பட்டுப்புடவையோடு ஹெல்மெட்டை இரு கையிலும் ஏந்திப் பார்த்தார்.

"இன்னாடா இது, பூ வெக்க வந்தமா, வேலைக்கி வந்தமா?"

"ரூல்ஸும்மா" என்றார் மேடம்.

"தலையில ரெண்டு மொயம் பூ கீது. நசுங்கிப்பூடாது?"

மேடம் ஹெல்மெட்டை வாங்கி, பின்பட்டையைக் கடைசித் துளை வரை தளர்த்தி, பூச்சரத்தைக் கீழே இறக்கிவிட்டுத் தன் கையாலேயே மாட்டிவிட்டார். நன்றாகவே பொருந்தியது.

பாலத்துக்கு மறுபக்கத்திலிருந்து ஃபிட்டரின் மனைவி குரல் கொடுத்தார். "வாங்க சம்மந்தி! ஒரு டைம்ல மூணு பேருதான். ஒரு கை கம்பில இருக்கணும்."

"ஒரு கையில தட்ட எப்புடி புடிக்கிறது?"

அதுவரை இந்தச் சிக்கல் யாருக்கும் தோன்றவில்லை. மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவருடைய ஆட்களும் கழுவினார்கள். ஒளிரும் மேல்சட்டை போட்ட ஆறு பேர் பாலத்தின் இரு பக்கமும் வரிசையாக நின்று, புடவைத் தட்டு, பழத் தட்டு, தேங்காய், மல்லிகைப் பந்து என்று ஒவ்வொன்றாகக் கைமாற்றி அந்தப் பக்கம் சேர்த்தார்கள். குழாய் மாற்றுவதைவிட மெதுவாக மாற்றினார்கள். மாப்பிள்ளையின் தந்தை கைப்பிடியை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "யாரு வேலை?" என்று கேட்டார். ஃபிட்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பூ வைத்தாயிற்று என்று உள்ளே குலவைச் சத்தம் கேட்டது. மேடம் வெளியே ஹெல்மெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழுதான். நாற்பதாம் எண் பலகை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நேராக வீட்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

கூடத்தில் சோபாவின் நடுவில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, மாலை, மஞ்சள் ஹெல்மெட். தாடைப் பட்டை சரியாக மாட்டியிருந்தது.

"கழட்டலையா சார்?" என்றார் மேடம்.

"யாரும் கயட்ட சொல்லலியே மேடம்."

கூடம் முழுவதும் சிரித்தது. தலையில் புதுப் பூவோடு நின்றிருந்த மணப்பெண்தான் முதலில் சிரித்தார். ஃபிட்டரின் மனைவி மட்டும் சிரிக்காமல், "தடுப்ப தாண்டிட்டா கயட்டலாம் மாப்பிள்ள. பன்னண்டாவது ரூலு" என்றார்.

அவர் கழற்றிக் கொடுத்தார். நெற்றியில் ஹெல்மெட் பட்டையின் தடம் ஒரு காதிலிருந்து மறு காது வரை பதிந்திருந்தது. புகைப்படக்காரர் காத்திருந்து பார்த்தார், அது மறையவில்லை. அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கிறது.