புரையேறும்போது

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன்.

கடைசி மகனுடைய மகள் சென்னைக் காலேஜில், பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு படிக்கிறாள். "பேசுததுக்குமா காலேஜு? ஒங்க வீட்டுல பேசாம இருக்கதுக்குல்லா படிக்கணும்" என்று எதிர்வீட்டுக்காரி கேலி பண்ணினாள். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நாளாகத் தண்ணீர் குடித்தால் எனக்குப் புரையேறும். துபாயில் இருக்கிற மூத்தவன் நினைக்கிறான் என்று உச்சந்தலையைத் தட்டிக்கொள்வேன். பெருமையாகக்கூட இருக்கும். ஏரல் கடைத்தெருவில் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பொங்கல் லீவுக்கு வந்த பேத்தி சாப்பாட்டு நேரத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தொண்டையில் விரல்களை மெல்ல வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். குடித்ததும் "ஆ" என்று குரல் கொடுக்கச் சொன்னாள். என் குரல் எனக்கே வாய் கொப்பளிக்கிற சத்தமாகக் கேட்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

"பெரியப்பா நினைக்கல ஆச்சி. தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போவுது. நெஞ்சுல எறங்குனா சளி கட்டிரும்."

பேச்சுப் படிப்புக்காரிக்கு என் தொண்டையில் என்ன வேலை என்று கேட்டேன். பேசுகிற இடமும் விழுங்குகிற இடமும் பக்கம் பக்கமாம்; இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பாம். அவளுடைய டீச்சருக்குப் போன் போட்டாள். விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை திருநெல்வேலிக்குப் போகிறோம்.

என் வீட்டுக்காரர் போனது நெஞ்சுச் சளியில்தான். சாப்பிட உட்கார்ந்தாலே இருமுவார். யாரோ நினைக்கிறார்கள் என்று நாங்கள் தலையைத் தட்டினோம்.

பிறந்ததிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குடித்தவள் நான். அன்றைக்குப் பிறகு டம்ளரை எடுத்தால் வாயில் வைக்காமலே கீழே வைத்துவிடுவேன். தாகத்தை யாருக்கும் தெரியாமல் அடக்கிக்கொண்டிருந்தேன். என் உதடு காய்ந்திருந்ததை வைத்து அவள் கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் அதுவும் ஆபத்து என்று அதட்டினாள். எல்லாவற்றையும் கூழ்போல் கெட்டியாக்கி, ஒவ்வொரு கரண்டியாக, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்க வைக்கிறாள். விழுங்கி முடிகிற வரை நான் பேசக் கூடாது. பேசாமல் இருந்தால் செவ்வாய்க்கிழமைதான் மனதில் வந்து நிற்கிறது.

ஏட்டி, இங்கன வந்து உக்காரு. நான் கஞ்சிய முழுங்குதேன், நீ இதை வாசி. பைய வாசி. சத்தம் இல்லாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு.