அக்கா மறுபடி சொல்லவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் நடந்தது இது. பகலில் எனக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் வேலை. மற்ற நேரமெல்லாம் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதில் அப்படி ஓர் ஆசை. கேட்ட சொற்களை, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஓர் இணைய அகராதியில் சேர்ப்பேன். சொன்னவர் சம்மதித்தால் அவர் குரலையும் அந்தத் தளத்திலேயே நேராகப் பதிவு செய்வேன்; என் போனில் பிரதி எதுவும் தங்காது.

எங்கள் சந்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் உண்டு. அவர் வாயைத் திறந்தால் சந்தே சிரிக்கும். ஒருநாள் என்னை மடக்கினார். "என்னப்பா டிக்சனரி, ஊர்ப்பட்ட வார்த்தையெல்லாம் ஏத்துறியே, எங்களத் திட்டுற வார்த்தைய ஏத்துனியா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"எழுது. அது எப்படிக் குத்தும்னு நானே சொல்றேன். தேடிப் பாக்குறவனுக்குத் தெரியட்டும்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடிக்கத் தண்ணீர் கேட்ட வீட்டில் அந்தச் சொல்லால் விரட்டப்பட்டதைச் சொன்னார். நடுவில் அழுதுவிட்டார். பதிவை நிறுத்தட்டுமா என்றதற்குக் கையை ஆட்டி மறுத்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு கும்பல் அகராதிக்குள் புகுந்தது. சூதாட்ட விளம்பரங்கள், கூடவே அதே வசவை வைத்துப் பக்கம் பக்கமாக ஆபாசம், அசிங்கமான ஒலிப்பதிவுகள். தளத்தைக் கவனித்துக்கொண்டவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். ஒவ்வொன்றாகப் படித்து நீக்க ஆளில்லை. அந்தச் சொல் இருந்த பக்கங்களை மொத்தமாக அழித்தார்கள்; ஒலிப்பதிவுகளை மீட்கவே முடியாதபடி துடைத்தார்கள். வசவை விளக்கும் பக்கத்தில் அந்த வசவு இல்லாமல் இருக்குமா? அக்காவின் பதிவும் போயிற்று.

நான் எழுதிக் கேட்டதும் அவர்களில் ஒரு பெண் போன் செய்தார். "எழுத்த மீட்டுட்டேன் அண்ணா. குரல்தான் எங்கயும் இல்ல. அந்த அம்மாகிட்ட நானே மன்னிப்புக் கேக்கட்டுமா?" என்றார். அப்புறம் நான் யாரைக் கோபித்துக்கொள்ள?

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"திட்டுனவனையும் அழிச்சாங்க, திட்டு வாங்குனவளையும் அழிச்சிட்டாங்களா? நல்லாருக்குப்பா உங்க நியாயம்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இன்னொரு முறை பதியலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"பேடாப்பா, வேணாம். ஒரு தடவ சொன்னதுக்கே எனக்குச் சோறு இறங்கல. மறுபடியும் அந்த வாசல்ல போய் நிக்க முடியாது."

அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது, 'இழிவுபடுத்தும் சொல்' என்ற குறிப்போடு. பொருள் எழுதியிருக்கிறது. அது ஒரு மனுஷிக்கு எப்படி வலித்தது என்பது மட்டும் அதில் இல்லை. இப்போதெல்லாம் யாராவது தன் வேதனையை வாய்விட்டுச் சொன்னால், இனி ஒருமுறை அவர் இதைச் சொல்ல மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.