சிகாகோக்காரர்கள் கட்டிக்கொடுத்த கிணறு

சபைனா லாவெல் தண்ணீர் சுமந்தே ஐம்பத்தெட்டு வயதை எட்டியவள். மேயோ மாவட்டத்தின் கடலோரத்தில், டூரமோர் என்னும் ஊரில் பிறந்தாள், அங்கேயே வாழ்க்கைப்பட்டாள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தாள், ஐந்து பிள்ளைகளையும் கப்பலேற்றி அனுப்பினாள். மிச்சம் இருந்தது வீங்கிய முழங்கால் இரண்டும், மேட்டு வீட்டிலிருந்து புனிதக் கிணறு வரைக்கும் அரை மைல் ஏற்ற இறக்கமும்தான்.

1961இல் ஊர் கூடியது. சிகாகோவில் பிழைக்கும் எங்கள் ஊர் ஆட்களின் சங்கத்துக்கு எழுதி, வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய் கேட்பது என்று முடிவானது. எழுதும் பொறுப்பு ஊர்ப் பள்ளிக்கூடத்து ரடி வாத்தியாருக்கு. அமெரிக்காவுக்கு உதவி கேட்டு எழுதினால் எங்கள் ஆட்கள் விஷயத்துக்கு வரவே நான்கு பக்கம் ஆகும். முதலில் அங்கே இருப்பவனை அழவைத்தாக வேண்டும்.

வாத்தியார் அள்ளி விட்டார். கிணற்று நீரின் தேன் சுவை, கிணற்றுக்குப் பெயர் தந்த புனிதரின் திருநாளன்று ஜெபமாலையோடு அதை வலம் வரும் ஜனம், மாலை வெயிலில் வாளியோடு மேடேறும் பெண்களின் அழகு. குழாய் கடைசிப் பக்கத்தில் ஓரமாக வந்து போனது.

“என் முட்டியப் பத்தி எழுதினீங்களா வாத்தியாரே?” என்று கேட்டாள் சபைனா.

“முட்டியப் பத்தி எழுதினா எவன் அழுவான்?”

சங்கம் நன்றாகவே அழுதது. இவ்வளவு அழகைக் குழாய் போட்டுக் கெடுப்பதா என்று பதறிப்போய், கிணற்றைச் சுற்றிச் சலவைக்கல் பதித்து இரும்புக் கதவும் போட்டுக் கொடுத்தது. கல்லில் முப்பத்திரண்டு கொடையாளர்களின் பெயர். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், புனிதரின் பெயர். வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. கைதட்டினார்கள். சலவைக்கல் படியோ மழையில் வழுக்கியது.

திறப்பு விழாவுக்குச் சங்கத் தலைவர் ஹூபர்ட் கெரட்டி நேரில் வந்தார், கழுத்தில் கேமராவோடு. சபைனாவைப் பார்த்ததும் உருகிவிட்டார்.

“அம்மா, ரெண்டு வாளியோட அப்படியே மேல ஏறுங்க. எங்கம்மாவையே பாக்குற மாதிரி இருக்கு.”

“உங்கம்மா எத்தன வயசுல போனாங்க?”

“நாப்பத்தொண்ணு.”

“தண்ணி தூக்கியே போயிருப்பாங்க. எனக்கும் முட்டி போச்சுய்யா. இந்தக் கல்லெல்லாம் யாருக்கு வேணும், ஒரு குழாய் போதும்.”

கெரட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்து, “சங்கம் உங்கள மறக்காதும்மா” என்றார்.

மறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பார்சல் வந்தது. உள்ளே இரண்டு புது வாளிகள், வெள்ளைப் பூச்சில் பச்சை எழுத்தாகச் சங்கத்தின் பெயர். நன்றிக் கடிதம் எழுத வேண்டுமே என்று வாத்தியார் காகிதத்தோடு அவள் வாசலுக்கு வந்தார்.

“எழுதுங்க” என்றாள் சபைனா. “பழசவிட பெரிய வாளி, தண்ணி நெறய புடிக்குது. அதனால கனமும் ஜாஸ்தி.”

வாத்தியார் முதல் பாதியை மட்டும் எழுதி அனுப்பினார்.