அது வெறும் பருந்துதான்

எங்கள் சித்தப்பா கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்து வாசலில் எந்த மரத்தில் எந்தக் குருவி என்று பார்த்துக்கொண்டிருப்பார் என ஊரில் அவர்மேல் ஒரு பழி உண்டு. அதில் பாதி உண்மை. நான் ஆறாவது படித்த வருடம், மாசி மாதத்தில், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அம்மா வேலை செய்த பொம்மைக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் எங்களுடையது கொலு பொம்மைக் கம்பெனி. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை மாடியில் பலகை பலகையாக அடுக்கிக் காயவைப்பார்கள். அந்த மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், மூடிக்கிடந்த பக்கத்துக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு இலுப்பை மரம் தெரியும். அதன் உச்சியில் கருடன் கூடு கட்டியிருந்தது. கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. காய்கிற பிள்ளையார்களுக்கு நடுவே லென்ஸை நீட்டிவிட்டுச் சித்தப்பாவும் இன்னொரு பிள்ளையாராக அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

“கிட்ட போவக்கூடாது பாப்பா. ஆளைப் பாத்து பயந்துச்சின்னா கூட்டை வுட்டுட்டுப் போயிடும். அப்புறம் குஞ்சு வெயில்லயே செத்துடும்” என்று சொல்லிவைத்திருந்தார். அதிலிருந்து சத்தமாகத் தும்மக்கூட எனக்குப் பயம்.

அப்பா அப்போது குவைத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போயிருந்தார். சில நாட்களாக அவரிடமிருந்து போன் இல்லை. போட்டால் போகவுமில்லை. அம்மா போனைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். கருடன் கண்ணில் பட்டால் நல்ல சேதி வரும் என்பது அவள் நம்பிக்கை. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சித்தப்பா கேமராவைக் கொண்டுபோய்க் காட்டினார்.

“அண்ணி, தேடிக்கிட்டே இருந்தீங்களே, இந்தாங்க.”

அம்மா பதறிப்போய் இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். பட்டப்பகலில் கம்பெனிக்கு நடுவே ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? என்ன என்று கேட்டார்கள். அம்மா சொல்லிவிட்டாள். சந்தோஷத்தை மறைக்க அவளுக்கு எப்போதுமே தெரியாது.

சனிக்கிழமை உச்சிவேளையில் இலுப்பை மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. பெருமாளுக்கு உகந்த நாள், கேட்கவா வேண்டும்? தேங்காய், கற்பூரம், ஒரு பூஜை மணி. மணிச் சத்தத்தில் கருடன் விருட்டென்று எழும்பி மரத்துக்கு மேலே சுற்ற ஆரம்பித்தது. கீழே இருந்தவர்களுக்குப் புல்லரித்துவிட்டது. கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிடுவதைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. அது சுற்றச் சுற்ற இவர்கள் மணியை வேகமாக அடித்தார்கள். இவர்கள் அடிக்க அடிக்க அது இறங்க முடியாமல் இன்னும் மேலே போனது.

மாடியில் நான் லென்ஸ் வழியாகக் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் இல்லை. அலகைத் திறந்தபடி கிடந்தது. முதலில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது, பிறகு அதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா கீழே ஓடினார். “பயந்துபோயி சுத்துதுங்க! தள்ளி வாங்க!” என்று கத்தினார். “ஆசீர்வாதம் பண்ணுது தம்பி, நீயும் கும்புட்டுக்க” என்றார்கள். வேறு வழியில்லாமல், அது கருடனே இல்லை, கோழி தூக்கும் பருந்து என்று ஒரே போடாகப் போட்டார். அவர் பேச்சை யார் நம்புவார்கள்?

நான் அம்மாவைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துவந்து லென்ஸில் பார்க்க வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“நீதான கருடன்னு சொன்ன? ஒன் கொழுந்தன் இல்லங்கறாரு?” என்று கேட்டாள், மணி வைத்திருந்த அக்கா.

அம்மா மேலே பார்க்கவே இல்லை. “பருந்துதாங்கா. எனக்குத்தான் கண்ணு சரியா தெரியல” என்றாள்.

உச்சி வெயிலில் அண்ணாந்து பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். மணி நின்றது. “வூட்டுக்காரரு நெனப்புல இவளுக்குக் காக்காகூட கருடனாத்தான் தெரியும்” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். கற்பூரத்தை மண் போட்டு அணைத்து, உடைத்த தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டம் கலைந்தது.

நாங்கள் மாடிக்குத் திரும்பிய பிறகும் கருடன் இறங்கவில்லை. சித்தப்பா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இனி வராது என்று நான் முடிவே கட்டிவிட்டபோது, மேலேயிருந்து சரிந்து வந்து கூட்டில் கால் வைத்தது. இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சின்மேல் கவிந்து நின்றது. நிழல் விழுந்ததும் குஞ்சின் தலை மெல்ல ஆடியது.

“அண்ணி, வந்து பாருங்களேன்!”

ஈரப் பஞ்சால் ஒரு பொம்மையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. “பருந்தப் போயி என்னாத்த பாக்கறது?” என்றாள்.

எனக்கு அம்மாமேல் ஆத்திரமாக வந்தது, பயமாகவும் இருந்தது. சாமியைச் சாமி இல்லை என்று ஊரறியச் சொன்னவள் வீட்டுக்கு நல்ல சேதி எப்படி வரும்? அவளுக்கும் சேர்த்து நானே வலிக்க வலிக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் அப்பா பேசினார். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். எல்லாம் என் கன்னத்தின் மகிமை என்று நெடுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நேரம் தப்பித்தான் சாப்பிட்டோம். வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அம்மா தன் டப்பா சோற்றையும் என் தட்டில் கவிழ்த்தாள். பசிக்கவில்லை என்று சண்டை போட்டேன். “தின்னுடி” என்றாள். வெயில் என்மேல் படாதபடி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கருடனைப் பார்க்க முகமில்லாமல்தான் அப்படித் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.