ரோசலின் சிஸ்டர் ஒருமுறை கேட்ட கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்கு டயாலிசிஸ் மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் பழைய நர்ஸ் ரோசலின் சிஸ்டர் கோவளத்தில் தன் வீட்டில் காலமாகிவிட்டார். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

செங்கல்பட்டில் எங்களோடு டயாலிசிஸ் யூனிட்டில் இருந்தவர்களுக்கு ஏழுமலையை நினைவிருக்கும். கடப்பாக்கத்து மீனவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, எச்.ஐ.வி.யும் இருந்தது. அவருக்கென்று மூலையில் தனி மெஷின். நாங்கள் இரட்டைக் கையுறையோடு தள்ளி நிற்போம். சிஸ்டர் வெறும் விரலை அவர் கையில் வைப்பார். ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷனில் இணைத்த கை அது. ரத்தம் ஓடும்வரை, தொட்டால் உள்ளே கிர்ரென்று அதிரும்.

"இன்னா சிஸ்டர், மோட்டாரு ஓடுதா?" என்பார் ஏழுமலை.

"உங்க போட்டு மோட்டாரு கணக்கா ஓடுது."

சிஸ்டர் எங்களைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "ரத்தத்துக்கு க்ளவுஸ் போடு, வாணாம்னு சொல்லல. மனுசனுக்கு இன்னாத்துக்கு?"

சிஸ்டர் லீவில் இருந்த ஒரு நாள் ஏழுமலைக்கு நான்தான் டயாலிசிஸை முடித்து அனுப்பினேன். ரத்தம் கசிந்துவிடுமோ என்ற பயத்தில், ஊசி எடுத்த இடத்தில் கட்டை இறுக்கிப் போட்டேன். இறுக்கினால் உள்ளே ரத்தம் உறைந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா என்ன? அனுப்புமுன் விரல் வைத்து அதிர்வு பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்ததாகச் சார்ட்டில் எழுதினேன்.

அடுத்த முறை வந்தவர், "மோட்டாரு நின்னுபோச்சு சிஸ்டர்" என்றார். சிஸ்டர் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. அன்றே தெரிந்திருந்தால் அந்தக் கையைக் காப்பாற்றியிருக்கலாம். என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு கைய வச்சுப் பாத்தியா, சேகர்?"

"பாத்தேன் சிஸ்டர்."

ஏழுமலைக்கு இருந்த நோயைச் சொன்னதும், மறுபடி ஆபரேஷன் செய்ய எந்த டாக்டரும் முன்வரவில்லை. டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட்டோம். அதில் சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, அந்த மாதமே ஏழுமலை போய்விட்டார். சிஸ்டர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. ஆனால் ரிடையர் ஆகும்வரை, நான் கட்டுப் போட்ட ஒவ்வொரு கையையும் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கோவளத்தில் அவரை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று கண்ணாடிமேல் கை வைத்தேன். பெட்டியின் மோட்டார் உள்ளங்கையில் கிர்ரென்று அதிர்ந்தது. சொல்லாமலே கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இன்றும் யாரை அனுப்பினாலும் வெறும் விரலை வைத்து, "பாத்தேன் சிஸ்டர்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஒரே ஒரு கைக்கு மட்டும் அது பொய்.