அறுபத்தைந்து பாயிண்ட் காற்று

மலைமேல் முதல் பனி விழுந்த வாரம் ஆர்லன் பெக் டயர் வாங்கப் போனான். ப்ரைஸ் ஊரில் டயர் என்றால் ரீட் கடைதான். ரீட்டும் ஆர்லனும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். சனிக்கிழமையானால் இருவர் வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்வெல் பாறைக்காட்டுக்குள் இறங்கும்.

ஆர்லனிடம் இருந்தது ஒரே வண்டி. வாரம் முழுக்க அதில்தான் ஹன்டிங்டன் அனல் மின் நிலையத்துக்கு வேலைக்குப் போவான். சனிக்கிழமை அதில்தான் பாறை ஏறுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்மண்ணைக் கழுவித் துடைத்து மனைவி லரூவை அதே வண்டியில்தான் சர்ச்சுக்கு அழைத்துப் போவான். இப்போது நான்காவதாக ஒரு வேலையும் வந்து சேர்ந்திருந்தது. லரூவுக்கு மார்பில் வந்து போன புற்றுநோய் திரும்பி வந்து எலும்பில் உட்கார்ந்திருந்தது, இடுப்பிலும் முதுகிலும். வாரம் ஒருமுறை ப்ரோவோ ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும். நடுவில் சோல்ஜர் சம்மிட். குளிர்காலம் முழுக்கப் பனியும் லாரியும் அடைத்துக் கிடக்கும் மலைப்பாதை. ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு தினுசு இருக்கு," என்றான் ரீட். "இது லேசு ரகம், நாலு ப்ளை, நாலு அடுக்குதான். ரப்பர் மெத்துனு இருக்கும். பட்டன் மேல பாரு, பொடிப்பொடியா கீறல். பனியக் கவ்விப் பிடிக்கிறது அதுதான். சத்தமும் போடாது. அந்தா நிக்கிறது பத்து ப்ளை. எந்தக் கல்லும் அதைக் கிழிக்காது. ஆனா உக்காந்தா கட்டையில உக்காந்த மாதிரி இருக்கும். உனக்கு ரோட்டுக்கு வேணுமா, பாறைக்கு வேணுமா?"

"ரெண்டுக்கும்."

"வர்றவன் அத்தனை பேரும் இதையே சொல்றான்யா. பொண்டாட்டியும் வேணும், சனிக்கிழமையும் வேணும்."

ஆர்லன் சிரித்தான். நாலு ப்ளையின் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அமுங்கியது. அந்த அமுங்கல் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"லரூவுக்காகன்னா இதை எடு," என்றான் ரீட், சிரிப்பை விட்டுவிட்டு.

"சம்மிட்ல பனிக்குள்ள டயர் வெடிச்சு நின்னா அவளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பத்து ப்ளையே போடு."

அவன் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. வசந்தம் வந்ததும் பாறை ஏற வேண்டுமே என்ற நினைப்பும் அந்தக் கணக்கில் ஒரு மூலையில் இருந்தது. அதை அவன் அப்போது எடுத்துப் பார்க்கவில்லை.

ரீட் நாற்பது பாயிண்ட் காற்று அடித்து அனுப்பினான். வீட்டுக்கு வந்ததும் ஆர்லன் கம்ப்ரசரை எடுத்து அறுபத்தைந்துக்கு ஏற்றினான். டயரின் பக்கவாட்டில் எண்பதுவரை தாங்கும் என்று பொறித்திருந்தது. தாங்கும் என்றால் தாங்கட்டுமே என்பது அவன் கணக்கு.

அது வெறும் பிடிவாதம் அல்ல. அவன் தம்பி கிம்பல் செத்தது காற்றால்தான். பாறையிலும் மணலிலும் போகிறவர்கள் மண் பாதை தொடங்கும் இடத்தில் டயரின் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிடுவார்கள். காற்று குறைந்த டயர் வெறுங்கால் மாதிரி பரந்து தரையைப் பிடித்துக்கொள்ளும். திரும்பித் தார்ச் சாலை ஏறுமுன் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்காமல் வேகம் எடுத்தால் ரப்பர் கொதித்து வெடிக்கும். கிம்பல் ஒரு ஜூலை மாதம், மகளின் ஞானஸ்நானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அடிக்காமலே கிளம்பினான். வண்டி மூன்று தடவை உருண்டது. அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்த வழக்கம் வந்தது. மாடு தாண்டாதபடி சாலையில் இரும்புக் கம்பிகள் பதித்த கம்பிப் பாலத்தில் எல்லா வண்டியும் நிற்கும். கடைசி வண்டியின் கடைசி டயர் நிறையும்வரை ஒருவரும் நகரக் கூடாது. ஆர்லன் காற்றை அளக்கும் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பான். "போலீஸ்காரர் வந்துட்டார்யா" என்று பிள்ளைகள்கூடக் கேலி செய்வார்கள். தார்ச் சாலையில் மெத்தென்ற டயரைக் கண்டாலே அவன் கை கேஜைத் தேடும்.

முதல் தடவை ப்ரோவோ போய்வந்தபோது லரூ கேட்டாள்:

"ஏ கிழவா, யாரு வண்டியில இருந்து கழட்டிட்டு வந்த இந்தச் சக்கரத்தை? வைக்கோல் வண்டியிலயா?"

"பத்து ப்ளை! பீரங்கி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"பீரங்கி வந்தா சொல்லு, நான் இறங்கிக்கிறேன்."

அவன் ஊருக்கே கேட்கும்படி சிரித்தான். அந்தப் பேச்சு அதோடு போயிற்று. அடுத்த வாரம் அவள் ஒரு தலையணை எடுத்து வந்து இடுப்புக்கடியில் வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் இரண்டு. மருந்தின் குமட்டலுக்கு என்று அவனாக நினைத்துக்கொண்டான். வழி முழுக்க அவள் வலது கை ஜன்னலுக்கு மேலிருந்த பிடியை விடவில்லை. பனியைக் கண்ட பயம் என்று அதற்கும் அவனே ஒரு காரணம் வைத்திருந்தான். பள்ளத்தாக்கில் சாலை உறைந்து, வெடித்து, ஒட்டுப்போட்டுக் கிடந்தது. ஒவ்வொரு ஒட்டும் தடக் தடக்கென்று இருக்கை வழியாக ஏறியது. டயர் ஒருநாளும் வழுக்கவில்லை, ஒருநாளும் வெடிக்கவில்லை. சம்மிட்டைத் தாண்டும்போதெல்லாம் ஆர்லன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "பாத்தியா?" என்பான். "பாத்தேன்," என்பாள் லரூ.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் வண்டியைச் சூடேற்றிவிட்டு உள்ளே வந்தபோது அவள் சமையலறை மேசையில் இரவு உடையோடு உட்கார்ந்திருந்தாள். சர்ச்சுப் பெண்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பதார்த்தம் தொடாமல் இருந்தது. அவளே போன ஆண்டு பாட்டிலில் அடைத்த பீச் பழத்தில் ஒரு துண்டை மட்டும் கரண்டியால் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வரலை, ஆர்லன்."

"இன்னைக்கா?"

"இனிமே."

அவன் கெஞ்சினான். கோபப்பட்டான். டாக்டரைத் தொலைபேசியில் அழைத்துக் கொடுத்தான். இந்த மருந்து கேட்கிறது, நிறுத்தினால் கோடையைப் பார்ப்பது கஷ்டம் என்று டாக்டர் அவளிடமே சொன்னார். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். மருந்து அவளை முறித்துவிட்டது என்று ஆர்லன் எல்லாரிடமும் சொன்னான். அவனும் அதைத்தான் நம்பினான். மார்ச்சில் எடுத்த ஸ்கேன் படத்தில் நோய் ஈரலுக்கும் போயிருந்தது. அதற்குப் பிறகு ப்ரோவோ என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரலில் மண் பாதைகள் காய்ந்தன. லரூதான் கேட்டாள்.

"ஸ்வெல்ல அந்த வெட்ஜ் பாறை வரைக்கும் ஒருதடவை கூட்டிட்டுப் போறியா? விளிம்பில நின்னு ஆத்தைப் பாக்கணும்."

"தாங்குவியா நீ?"

"தாங்காட்டி என்ன, அங்கேயே தள்ளிவிட்டுட்டு வா. புதைக்கிற செலவு மிச்சம்."

ரீட்டும் தன் வண்டியில் கூட வந்தான். காசல் டேல் வரைக்குமான நெடுஞ்சாலையில் அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிப் பிடியைப் பற்றிக்கொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. கம்பிப் பாலத்தைத் தாண்டியதும் ஆர்லன் வழக்கப்படி இறங்கி நான்கு டயரிலும் காற்றை இருபதுக்கு இறக்கினான். குளிர்காலம் முழுக்க ஸ்வெல் பக்கமே வராததால் இந்த டயர்களுக்கு இதுதான் முதல் மண்.

வண்டி நகர்ந்தது. சிவப்பு மணலில் படகு போல மிதந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஏதோ வித்தியாசமாகப் பட, ஆர்லன் திரும்பிப் பார்த்தான். லரூவின் கை பிடியில் இல்லை. மடியில் கிடந்தது. விரல்கள் விரிந்திருந்தன. இடுப்புக்கடியிலிருந்து ஒரு தலையணை நழுவிக் கீழே விழுந்திருந்தது, அவள் அதை எடுக்கவில்லை. வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வண்டியில் அவள் தூங்கி அவன் பார்த்ததில்லை, அக்டோபரிலிருந்து.

விளிம்பில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தான். கீழே, வெகு கீழே, ஆறு ஒரு பச்சை நூலாகக் கிடந்தது. ரீட் தள்ளிப் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். ஆர்லன் அவள் காலடியில் குந்தினான்.

"லரூ. ப்ரோவோ போற வழியில வலிச்சுதா?"

அவள் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒவ்வொரு ஒட்டுக்கும் இடுப்புல ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"மருந்து..."

"மருந்து பாவம். அது என்ன பண்ணுச்சு?"

"ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காத்தை இறக்கியிருப்பேனே. கொஞ்சம் இறக்கினா ரோட்டுலகூட ஒண்ணும் ஆகாது. ரீட் சரியாத்தான் அடிச்சுக் கொடுத்தான், நான்தான்..."

"எனக்கென்ன தெரியும் காத்தைப் பத்தி? டயரே அப்படித்தான்னு நினைச்சேன். நீ வேற புதுச் செருப்பு வாங்கின பிள்ளை மாதிரி சம்மிட்டுக்குச் சம்மிட் தட்டிக்கொடுத்துக்கிட்டு வந்த. எப்படிச் சொல்றது?"

"இப்பப் போலாம். நாளைக்கே போலாம். மெத்துனு கூட்டிட்டுப் போறேன்."

"ஈரல்ல உக்காந்துட்டுது, ஆர்லன். இனிமே அங்க என்ன வச்சிருக்கான் எனக்கு?" அவன் தலைமேல் கையை வைத்தாள். கை கனமே இல்லாமல் இருந்தது. "விடு. தொப்பியைப் போடு, வெயில் அடிக்குது."

திரும்பும்போது மணலில் இறங்கியதுமே அவள் மறுபடி தூங்கிவிட்டாள். கம்பிப் பாலம் வந்தது. முன்னால் போன ரீட் வண்டியை ஓரங்கட்டி, கம்ப்ரசர் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். தன் முன் டயர் இரண்டையும் அவன் நிறைத்து முடித்திருந்தான். பாலத்துக்கு அப்பால் தார்ச் சாலை.

ஆர்லன் வேகத்தைக் குறைத்தான். நிறுத்தினால் கம்ப்ரசர் அலறும், அவள் விழிப்பாள். அடித்தால் பிறகு வீடுவரை ஒட்டு ஒட்டாகத் தடக் தடக். நாற்பதுக்கு அடித்தாலும் தடக்தான், கொஞ்சம் சின்னத் தடக். அடிக்காவிட்டால், கிம்பல்.

அவன் நிறுத்தவில்லை. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு கம்பிகளின் மேல் நடைவேகத்தில் ஏறி இறங்கினான்.

"யோவ், காத்து!" என்று ரீட் கத்தினான். "ஆர்லன்! காத்துய்யா!"

நெடுஞ்சாலையில் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, சைக்கிள்காரனைவிடக் கொஞ்சம் அதிக வேகத்தில் வண்டி ஊர்ந்தது. நிலக்கரி லாரிகள் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி கடந்தன. ஒருவன் கையை வெளியே நீட்டி ஏசினான். ஆர்லன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். டயரின் ஒவ்வொரு சுற்றையும் காதால் எண்ணிக்கொண்டு வந்தான். சாலையின் ஒட்டுகள் வந்தன, போயின. அவள் தலைகூட ஆடவில்லை. எவ்வளவு சுலபம் இது என்று அப்போதுதான் தோன்றியது. இதற்கு நான்கு வால்வுமூடியைத் திருகினால் போதும். குளிர்காலம் முழுக்க, செவ்வாய்க்கிழமைக்குச் செவ்வாய்க்கிழமை, அந்தக் கம்ப்ரசரை அவன் பின்சீட்டுக்கடியிலேயே வைத்திருந்தான்.

ஹன்டிங்டன் தாண்டியபோது கண்ணாடியில் பார்த்தான். பின்னால் ரீட்டின் வண்டி, அதுவும் விளக்கை மினுக்கிக்கொண்டு, லாரிகளுக்கும் இவர்களுக்கும் நடுவில் குறுக்குச் சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது. பின் டயர் இரண்டும் சப்பையாகத் தெரிந்தன.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்ததும் லரூ கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டோமா?"

"வந்துட்டோம்."

"ஒண்ணுமே தெரியலையே." தூக்கம் கலையாத குரல். "ரோட்டைப் புதுசாப் போட்டுட்டாங்களா?"

ஆர்லன் சாவியை உருவினான்.

"ஆமா," என்றான். "இப்பத்தான் போட்டிருக்காங்க."