பெலாங்காஸ் நண்டு அல்ல

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று உஜோங் பாசிரில் ஓர் அம்மாள் குதிரை லாடம் போல் ஓடுள்ள கடல் பிராணியான பெலாங்காஸைக் கூடை நிறைய எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வெயிலுக்கு முன் காஜா பேராங் சந்தையில் விற்றாக வேண்டும்.

"மீன், நண்டெல்லாம் ஏத்த முடியாது. இறங்குக்கா," என்றார் கண்டக்டர். பின் இருக்கையில் ஒருவர் மடியில் சேவல் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

விலங்கியல் படித்தும் குமாஸ்தாவாகவே வைக்கப்பட்டிருப்பவன் நான். பொறுக்கவில்லை.

"இது நண்டே இல்லை. ஓட்டைப் பார்த்து ஏமாறாதீர். சிலந்தி, தேளுக்குத்தான் நெருங்கிய சொந்தம்."

"மெர்டேக்கா, சுதந்திரம் கிடைச்சாச்சுன்னு தேளும் பஸ் ஏறணுமா சார்?" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. தேள் என்றதும் முன்னாலிருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அம்மாளை நடுவழியில் இறக்கிவிட்டார்கள்.

"நீங்க சும்மா இருந்திருந்தா கெஞ்சிக் கூத்தாடியாவது போய்ச் சேர்ந்திருப்பேன் சார்," என்றார் அந்த அம்மாள், கூடையோடு கீழே நின்று.

பஸ்ஸுக்கு விதி எழுதியவர்கள் முதலில் விலங்குகளை வகைப்படுத்தக் கற்கட்டும். இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். மறுப்பவர்கள் கீழே எழுதலாம்.

பெயர் போடவில்லை. நாளைக்கும் அதே பஸ்தான், அதே கண்டக்டர்தான்.